பதினோரு நிமிடத்துக்கு மூன்று தட்டல்

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு, வேலைக்குப் போகிற சட்டையோடு, தவசிங் வாஷிங் மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான்.

துணி பிழியும் நேரம் வந்தால் அந்த மெஷின் நடக்கத் தொடங்கிவிடும். ஒரு மாதமாக அப்படித்தான். சமையலறை வாசலில் கிளம்பி ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு முழம் நகர்ந்து, தண்ணீர்க் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று நடுங்கும்.

"இது நம்ம வீட்ட விட்டுப் போகப் பாக்குது" என்றான்.

"ஊர்ல உள்ள மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கிய. வீட்டு மெஷினுக்கு மட்டும் நேரம் கெடையாது" என்றாள் பியூலா.

"நீ சர்வீஸ் கான்ட்ராக்ட் போடலியே. போட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்."

மெஷினின் தலைமேல் வலது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான். ஐந்து எண்ணினான். எந்த மெஷினைப் பார்த்தாலும் அவனுக்கு முதல் வேலை அதுதான். "பின்னால, வலது கால். ஒரு நூல் கொறச்சல். கெட்டியா ஏதாவது குடு."

காலியான சத்துமாவு டப்பாவின் அட்டையைக் கிழித்துக் கொடுத்தாள். நாலாக மடித்தான். தோளால் மெஷினை முட்டித் தூக்கி, காலுக்கடியில் செருகினான். பிழியும் பொத்தானை அழுத்தினான். மெஷின் இரைந்தது, நகரவில்லை.

"பாத்தியா? இதுக்கெல்லாம் உன் நாடி வேண்டாம். கை போதும்."

பியூலா சிரித்தாள். அவள் மடிக்கணினி சாப்பாட்டு மேசைமேல் திறந்திருந்தது. திரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இல்ல. வியாழக்கிழமை முடியட்டும்."

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. "சரி. வியாழக்கிழமை ரெண்டு பேரும் பேசுவோம்" என்றான். "வாரேன்."

கதவு சாத்தியது. மெஷின் தன் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது.

*

நாடி என்று அவள் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் வெளியிட்ட எண்ணுக்கு விதை போட்டது தவசிங்தான். ஐந்து வருடத்துக்கு முன், ஒரகடம் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பியூலா அப்போது ஒரு பங்குச்சந்தை ஆய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சிப் செய்யும் கருவிகளைத் தயாரிக்கிற கம்பெனிகளின் பங்குகள் அவள் பொறுப்பு. தவசிங் அப்படி ஒரு கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மெமரி சிப் ஆலைக்குள் அவன் கம்பெனியின் மெஷின்கள் நூற்றுக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

"மெமரி விலை இப்பதான எறங்குது" என்றாள் பியூலா. "ஆனா உங்க கம்பெனி ஷேர் மூணு மாசம் முன்னாலயே விழுந்துட்டு. அது எப்படி?"

"மெமரிங்கிறது தக்காளி மாதிரி. யாரு வெளைய வச்சாலும் ஒரே தக்காளிதான். விலை ஏறுனா எல்லாரும் நடுவான். எல்லாரும் நட்டா விலை விழும். விழுந்த பெறவும் காய்ச்சதை நட்டத்துக்காவது வித்துத்தான ஆகணும்? ஆனா புது டிராக்டர் வாங்குவானா?"

"மாட்டான்."

"நாங்க டிராக்டர் கம்பெனி. அதான் எங்களுக்கு மொதல்ல அடி. தக்காளிக்காரன் எழுந்திரிச்ச பெறவுதான் எங்களுக்கு ஆர்டர்."

"அவன் வாங்கமாட்டான்னு வெளிய உள்ளவனுக்கு எப்பத் தெரியும்?"

"ரிசல்ட் வரும்போதுதான். எங்களுக்கு அதுக்கு முன்னாலயே தெரியும்." அவன் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "மெஷின்ல உள்ள வாயுவ உறிஞ்சுற பம்பை வரிசை வரிசையா அணைப்பான். கரண்டு மிச்சம்லா. காலைல உள்ள போகும்போதே கால்ல தெரியும். தரை செத்த மாதிரி இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருடம் உழைத்தாள். சாலையோரம் புதைந்து கிடக்கும் இணையக் கம்பிக்குள் கண்ணாடி இழை இருக்கிறது. மேலே லாரி போனால் அந்த இழை மயிரளவு நெளியும். உள்ளே போகும் ஒளியில் ஒரு துளி திரும்பி வரும்போது அந்த நெளிவு தெரியும். லாரியின் அதிர்வு தெரியுமென்றால், சுவருக்கு அப்பால் இரவும் பகலும் ஓடுகிற நூறு பம்புகளின் அதிர்வும் தெரியத்தானே வேண்டும்?

"அப்போ ரோடு முழுக்க உனக்குக் காது" என்றான் தவசிங்.

"காது இருக்கு. எந்தச் சத்தம் பம்புன்னு அதுக்குச் சொல்லித் தரணும்லா. ஒரே ஒரு பம்பை ரெக்கார்ட் பண்ணித் தாங்க."

அனுமதி வாங்கி ஒரு நாள் கீழ்த்தளத்தில், பம்புகள் மட்டும் நிற்கிற கூடத்தில், ஒரு பம்பின் நெஞ்சில் கருவியை ஒட்டிப் பதினோரு நிமிடம் பதிவு செய்து கொண்டுவந்தான். பதிவு எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் தெரிவதற்காக, முதலில் தன் கல்யாண மோதிரத்தால் பம்பின் உடம்பில் மூன்று முறை தட்டியிருந்தான். அதைக் கேட்டுவிட்டு அவள், "கதவத் தட்டுற மாதிரில்லா இருக்கு" என்றாள். "அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கப் போற. தட்டிட்டுப் போனா நல்லதுதான" என்றான் அவன்.

நாடி பிடித்துக்கொண்டது. உலகத்து மெமரி ஆலைகள் பலவற்றின் ஓரமும் ஏதோ ஒரு கம்பி ஓடியது. பம்புகள் ஓய்ந்தால் நாடி இறங்கும். நாடி இறங்கினால் அன்று மாலைக்குள் கருவிக் கம்பெனிகளின் பங்குகள் இறங்கும். எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று எல்லாரும் கேட்டதால், ஒளிவுமறைவு வேண்டாமென்று அவள் முறையையும் அந்தப் பதினோரு நிமிடப் பதிவையும் அப்படியே வெளியிட்டாள். மூன்று தட்டலோடு. பெருமையாகத்தான் இருந்தது.

*

இந்த வருடம் மெமரி விலை தை தொடக்கத்திலிருந்தே சரிந்தது. மற்ற ஆய்வாளர்கள் எல்லாரும் கருவிப் பங்குகளை விற்கச் சொன்னார்கள். நாடி மட்டும் இறங்கவில்லை. ஒரகடம் ஆலையில் பம்புகள் ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னது. தவசிங்கின் கம்பெனிப் பங்கை அந்த ஒரு எண்தான் தாங்கிப் பிடித்திருந்தது. அந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவு மே இருபத்திரண்டு, வியாழக்கிழமை வரவேண்டும்.

மே ஏழாம் தேதி பியூலா அந்தக் கோட்டைப் பார்த்தாள். உண்மையான பம்பு வெயிலேறினால் சற்றுத் திணறும். குளிர்நீர் சூடாவது அதற்குத் தெரியும். இந்தக் கோட்டில் மத்தியானம் என்பதே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை, எறும்பு கடித்தது போல, மூன்று சின்ன மேடு.

பார்த்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாளில் அவள் எத்தனையோ விதமாகச் சமாதானம் தேடினாள். ஆனால் தெரியவில்லை என்று மட்டும் அவளால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. பம்புகளை அணைத்துவிட்டு, அவள் வெளியிட்ட பதிவையே திரும்பத் திரும்ப யாரோ தரையில் ஒலிக்க விடுகிறார்கள்.

மேலதிகாரி பார்கவிடம், "ஒரகடம் டேட்டா கொஞ்சம் ரொம்ப ஸ்மூத்தா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"ஸ்மூத்தா இருந்தா சந்தோஷப்படணும் பியூலா."

"செக் பண்ணலாமா?"

"பண்ணலாமே. ரிசல்ட் வரட்டும். இப்ப நாம தும்மினாலே மார்க்கெட்டுக்கு ஜுரம் வந்துடும்."

அவர் சொன்னதில் அவளுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. இன்னும் இரண்டு வாரத் தரவு சேரட்டும், உறுதியாகத் தெரியட்டும், பிறகு தவசிங்கிடம் கேட்டுக்கொள்ளலாம். அவன் கம்பெனி ஆட்களின் வேலையாக இருந்தால் அவனை எதற்கு நடுவில் இழுக்க வேண்டும்? இப்படி.

இடையில் ஒரு சனி ஞாயிறு நாசரேத்தில் அவள் தம்பி மகனுக்கு ஞானஸ்நானம். தவசிங், லீவு கிடைப்பது கஷ்டம், ஆளைக் குறைத்துவிட்டார்கள் என்றான். "மாமா இல்லாம எப்படி?" என்று அவள்தான் பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

*

புதன்கிழமை பதினொன்றரைக்கு முபாரக்கிடமிருந்து போன் வந்தது. முபாரக் தவசிங்கோடு ஒன்பது வருடமாக ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவன், வாலாஜாபாத்துக்காரன். எப்போதும் "அண்ணி, இன்னிக்கு டிபன் பாக்ஸ்ல இன்னா?" என்றுதான் தொடங்குவான். அன்று, "அண்ணி, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றான். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மறந்துவிட்டான். அதற்குள் தேவையும் இல்லாமல் போயிருந்தது.

தவசிங் இறந்த நான்காம் நாள் அவன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கொண்டுவந்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஆறாம் வரிசையில் அணைத்து வைக்கப்பட்டிருந்த மெஷினிலிருந்து உதிரிபாகம் ஒன்றைக் கழற்றுவதற்காக, வாயு வெளியேற்றும் பம்பு ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் மெஷினின் உள்ளறையைத் திறந்ததில், உள்ளே தங்கியிருந்த வாயு தாக்கியது. "ஊழியர் செயல்முறையை மீறியதே விபத்துக்குக் காரணம்."

பியூலா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இருபது வருட வேலையில் தவசிங் ஐந்து எண்ணாமல் எதையும் திறந்ததில்லை. வீட்டில் குக்கரைக்கூட.

பத்தாம் நாள் சாயங்காலம் முபாரக் வந்தான். காபி கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அவரு செக் பண்ணாரு அண்ணி. நான் பாத்தேன். பக்கத்து வரிசைலதான் நின்னுட்டு இருந்தேன்."

"எப்படிச் செக் பண்ணாரு?"

"பம்பு கீழ்த்தளத்துல. மெஷின் மேல. எறங்கிப் போய்ப் பாக்கணும்னா டிரெஸ் மாத்தி, திரும்ப வந்து மாத்தி, அரை மணி ஆவும். அதனால நாங்க யாரும் போறதில்ல. கீழ எறங்குற பைப்பு மேல கைய வச்சா தெரியும், ஓடுதா இல்லையான்னு. அவருதான் எங்க எல்லாருக்கும் கத்துக் குடுத்தது. அன்னிக்கும் வச்சாரு. எண்ணுனாரு. 'ஓடுதுடா'ன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு."

"மீட்டர் இருக்குமே?"

"புது உதிரிபாகம் வாங்குறத நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. அணைச்சி வச்ச மெஷின்ல இருந்து கழட்டி, ஓடுற மெஷின்ல மாட்டுறோம். அந்த மெஷின்ல மீட்டரும் இல்ல, ஸ்கிரீனும் இல்ல. எல்லாம் கழட்டியாச்சு. பம்ப ஓட வுடுங்கன்னு மொத நாளே கேட்டு எழுதியிருந்தாரு. பைப்பு அதிரவும், ஓட வுட்டுட்டாங்கன்னு நெனச்சாரு."

"பம்பு ஓடல."

"ஓடல அண்ணி. மத்தளம் ஓடிச்சு."

மேசைமேல் கிடந்த ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மார்ச்சில் கம்பெனி பெட்டி பெட்டியாக ஒரு கருவியை அனுப்பியது. தரை அதிர்வைச் சமன்படுத்தும் கருவி என்று அதன்மேல் எழுதியிருந்தது, ஆலைக்காரர்களுக்கு இலவசம். பம்பின் காலோடு சேர்த்து முடுக்க வேண்டும். பம்பு நின்றதும் அது அதிரத் தொடங்கும். வேலைக்காரர்கள் அதற்கு மத்தளம் என்று பெயர் வைத்தார்கள். நாலு வரிசைக்கு மாட்டியது தவசிங்கும் முபாரக்கும்தான்.

"அவருக்குத் தெரியுமா? எதுக்குன்னு?"

"மொத பெட்டிய ஆன் பண்ணப்பவே கைய வச்சாரு. மூணு தட்டு வந்துச்சு. மூஞ்சி செத்துப்போச்சு அண்ணி. 'இது என் மோதிரம்டா'ன்னாரு."

பியூலா அவன் கையிலிருந்த ஆறிய காபியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அந்த நாலு வரிசைல, மேல, ஒவ்வொரு பைப்புலயும் நீல டேப்பு ஒட்டி வச்சாரு. டேப்பு இருந்தா கைய நம்பாத, கீழ போய்ப் பாருன்னு எங்களுக்கு உத்தரவு. நீங்க நாசரேத் போனீங்கல்ல? அந்த சனி ஞாயிறு வெளிய இருந்து வேற ஆளுங்கள வச்சி அஞ்சாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் மாட்டிட்டாங்க. எனக்கே தெரியாது. டேப்பு இல்ல."

வெளியே பால்காரரின் மணி கேட்டது. பியூலா கேட்டாள்: "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் கேட்டேனே! 'அண்ணிகிட்ட சொல்லிடுங்கண்ணே, அவங்க எண்ணே பொய்யாப் போவுது'ன்னேன். 'அஞ்சு வருஷம் ஒழைச்சிருக்காடா. வியாழக்கிழமை அவ சொன்னது சரின்னு ரிசல்ட் வரும், ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும். அது முடிஞ்சதும் நானே சொல்லுதேன்'னாரு."

"வியாழக்கிழமை" என்றாள் பியூலா.

"ஆமாண்ணி. வியாழக்கிழமை."

*

தவசிங்கின் பெயரை அந்த ஒன்றரைப் பக்கத்திலிருந்து மீட்க ஒரே வழிதான் இருந்தது. மத்தளங்களின் உறையைக் கம்பெனி யாரையும் திறக்க விடவில்லை. அது அதிர்வுச் சமன் கருவி என்றே சாதித்தது. ஆனால் சாலைக்கடியில் கம்பி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தது. மே இருபத்தொன்று காலை பத்து நாற்பதுக்கு ஆறாம் வரிசையில் ஓடியது பம்பு இல்லை, ஒரு பதிவு என்பதை அந்தக் கோடு காட்டும். கோட்டைக் காட்டினால், அதை அவள் எப்போது பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

முபாரக்கிடம் சொன்னாள். "உங்க எல்லார் சேமிப்பும் கம்பெனி ஷேராத்தான இருக்கு? நான் சொன்னா அது போயிரும்."

"போவும்" என்றான். "அவரு கை தப்பு பண்ணுச்சின்னு எழுதி வச்சிருக்காங்களே அண்ணி. அத எப்படி வுடுறது?"

விசாரணை ஜூன் கடைசியில் நடந்தது. விசாரணை அதிகாரி பொறுமையான பெண்மணி. பியூலா திரையில் கோட்டைப் போட்டு, மூன்று மேடுகளையும் காட்டி, தன் பழைய பதிவை ஒலிக்க விட்டாள். தட், தட், தட். அறையில் எல்லாருக்கும் புரிந்தது. கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"இதை நீங்க முதல்ல எப்பப் பார்த்தீங்க?"

"மே ஏழாம் தேதி."

"விபத்து?"

"இருபத்தொண்ணு."

"நடுவுல பதினாலு நாள். யார்கிட்டயும் சொல்லல?"

"முழுசா சொல்லல."

"உங்க கணவர்கிட்டகூட?"

"அவர்கிட்டகூட."

வக்கீல் வேறெதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அவள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். அதிகாரிதான், "உட்காருங்கம்மா" என்றார்.

மறுநாள் சந்தை திறந்ததும் தவசிங்கின் கம்பெனிப் பங்கு விழுந்தது. கூடவே உலகத்தில் உள்ள கருவிப் பங்குகள் எல்லாம் விழுந்தன. எந்த ஆலையின் எந்த அதிர்வை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாடியை அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்தினார்கள். பார்கவ் கோபப்படவில்லை. "ரிசல்ட் வரட்டும்னு நான்தானே சொன்னேன்" என்று மட்டும் போனில் சொன்னார்.

ஆகஸ்டில் மெமரி விலை தானாகவே ஏறத் தொடங்கியது. எப்போதும் போலத்தான். விளைச்சல் குறைந்தது, தேவை கூடியது, கருவிகளுக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் மறைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு காலாண்டை.

அதற்கு முன், ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தளங்களைக் கழற்ற உத்தரவு வந்தது. பியூலாவுக்கு வேலை போயிருந்தாலும் ஒரகடம் கம்பியைப் பார்க்கும் கடவுச்சொல்லை யாரும் இன்னும் மாற்றவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வரிசை வரிசையாகக் கோடு மெலிந்து வந்தது. கடைசியாக மிஞ்சியது ஆறாம் வரிசை. இரண்டு நாலுக்கு மூன்று தட்டல். இரண்டு பதினைந்துக்கு மூன்று. இரண்டு இருபத்தாறுக்கு மூன்று. கதவுக்கு வெளியே நின்று யாரோ, திறக்க அவசரமில்லை என்பது போல.

இரண்டு முப்பத்தேழுக்கு வரவில்லை.

அவள் சாட்சி சொல்லித்தான் அது நின்றது. அது அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வரைக்கும் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

திருத்திய அறிக்கை செப்டம்பரில் தபாலில் வந்தது. "செயல்முறையை மீறியதே" என்ற வரி எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் புதிய வரி: "ஊழியர் வழக்கமான முறையில் சோதித்தார்." அதை முபாரக்குக்குப் படித்துக் காட்டினாள். அவன் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

அவன் போன பிறகு அழுக்குத் துணியை எல்லாம் எடுத்துப் போட்டாள். ஒரு ஆளின் துணிதான். பாதி மெஷின்கூட நிறையவில்லை. இப்படிக் கொஞ்சமாகப் போட்டால் துணி ஒரு பக்கம் ஒதுங்கி மெஷின் இன்னும் அதிகம் ஆடும் என்று அவன் சொல்வதுண்டு. பிழியும் சுற்று வந்தபோது பக்கத்தில் போய் நின்று, தலைமேல் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணினாள்.

சத்துமாவு அட்டை பின்னால், வலது காலுக்கடியில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. மெஷின் நகரவில்லை.